மீன் தொட்டிக் கட்டையில் என்ன படர்கிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தொட்டியில் அழகுக்காகப் போட்ட டிரிஃப்ட்வுட் (தண்ணீரில் கிடந்து வெளிறிய மரக்கட்டை) மேல் ஏதாவது படர ஆரம்பித்ததும் பலரும் நேராகக் கடைக்குப் போய் ‘பாசி மருந்து’ ஒரு பாட்டில் வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். கட்டையில் இருந்தது பாசியே இல்லை என்பது மீன் இரண்டு செத்த பிறகுதான் தெரிகிறது. மருந்துக்கு முன்னால் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளை வழுவழுப்பு, பழுப்புப் பொடி, பச்சை நூல், கறுப்புக் குஞ்சம், நீலப்பச்சைத் தோல் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் வருகிறது. ஒன்றை ஒழிக்கச் செய்யும் வேலை இன்னொன்றை வளர்த்துவிடவும் கூடும்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளில் இருக்கும் சாதாரண நன்னீர்த் தொட்டிகளை வைத்தே இந்த வழிமுறை எழுதப்பட்டிருக்கிறது. போர் தண்ணீர் அல்லது குழாய்த் தண்ணீர், கோடையில் 32 டிகிரியைத் தொடும் தொட்டி, ஐப்பசி கார்த்திகையில் மணிக்கணக்கில் போகும் கரண்ட். இந்த மூன்றையும் கணக்கில் எடுக்காத ஆலோசனை இங்கே பாதிதான் பலிக்கும்.

தொடங்கும் முன்

எடுத்து வைக்க வேண்டியவை: பழைய டூத் பிரஷ், தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் சைஃபன் குழாய், சோப்பே படாத ஒரு பக்கெட், ஊசி கழற்றிய 10 மி.லி. சிரிஞ்சு, நைட்ரேட் (மீன் எச்சமும் மிச்சத் தீனியும் அழுகிச் சேரும் சத்து) அளக்கும் டெஸ்ட் கிட், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டர். தண்ணீருக்குள் கை விடும் முன் ஃபில்டர், லைட், ஹீட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

தொட்டியின் உண்மையான கொள்ளளவையும் இப்போதே கணக்கிடுங்கள். நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடித் தொட்டி கணக்குப்படி 54 லிட்டர். மேலே விடும் இடைவெளி, அடியில் இருக்கும் மணல், கட்டை போக உள்ளே நிற்பது 45 லிட்டருக்கு மேல் இருக்காது. கீழே வரும் அளவுகளுக்கெல்லாம் இந்த 45-ஐத்தான் எடுக்க வேண்டும். 54-ஐ எடுத்தால் மருந்து ஐந்தில் ஒரு பங்கு கூடிப்போகும்.

## அறிகுறி 1: வெள்ளையாக, வழுவழுவென்று, பஞ்சு போலப் படர்கிறது

கட்டை போட்ட மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வரும். விரல் வைத்தால் வழுக்கும், ஊதினால் அசையும், டூத் பிரஷ் பட்டதும் கொத்தாகப் பிரியும். மரத்திலிருந்து கசியும் சர்க்கரைச் சத்தைத் தின்று வளரும் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்த படலம் இது. மீனுக்குக் கெடுதல் இல்லை. கடையில் விற்கும் ஸ்பைடர் வுட் இதற்குப் பேர்போனது. வாங்கும்போதே இதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன்கள் சாதாரணமாக நீந்துகின்றனவா? ஆம் என்றால் அவசரமே இல்லை. விடிகாலையில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், படலம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். காற்றுக் குமிழ் விடும் ஏர் ஸ்டோனை உடனே போடுங்கள். ராத்திரியில் ஏர் பம்ப்பை அணைக்கும் பழக்கம் இருந்தால் இந்த மாதம் மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

செலவில்லாத வழி: கட்டை தண்ணீருக்குள் இருக்கும்போதே பிரஷ்ஷால் தேய்த்து, பிரிந்து வருவதை சைஃபனால் உறிஞ்சி எடுத்து, 25 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். நாலைந்து நாளில் திரும்ப வரும். அடுத்த தடவை மெலிதாக வரும். பெரும்பாலும் மூன்று நாலு வாரத்தில் தானாக ஓய்ந்துவிடும். சின்ன நத்தைகள், செர்ரி இறால், மோலி மீன் மூன்றும் இதை விரும்பித் தின்னும். இருந்தால் உங்கள் வேலை பாதியாகும்.

அடுத்த வழி, கட்டையை வெளியே எடுத்து வேகவைப்பது. பழைய அண்டாவில் கட்டை முழுக்க மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி 1 முதல் 2 மணி நேரம் கொதிக்க விடுங்கள். குறையக் குறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெளியே நிற்கும் முனையில்தான் மறுபடி முளைக்கும். கொதித்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, கட்டை தானாக ஆறட்டும். அண்டாவுக்குள் அடங்காத கட்டை என்றால், கொதிக்கும் தண்ணீரைத் திரும்பத் திரும்ப அதன் மேல் ஊற்றி, ஒரு வாரம் டிரம்மில் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றுங்கள். சோப்பு, டிடர்ஜென்ட், பினாயில் எதுவும் கூடாது. மரம் உறிஞ்சி வைத்துக்கொண்டு பல நாள் கழித்தும் கசியவிடும்.

இரண்டு மாதம் ஆகியும் நிற்கவில்லையா? அப்படியானால் மரத்தில்தான் கோளாறு. கத்தி முனையால் அடிப்பக்கத்தில் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாகவோ வெளிர் மஞ்சளாகவோ ஈரப்பசை தெரிந்தால் அது உலராத மரம். வெளியே எடுத்து வெயிலில் சில மாதம் காயவிட வேண்டும். பட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் முழுக்க உரித்துவிடுங்கள். பூஞ்சைக்குப் பட்டைதான் பிடித்த இடம்.

எந்த மரம் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு கொள்ளிடத்து மணல் திட்டில் கிடக்கும் கட்டைகளைப் பார்த்தால் எடுத்துவரத் தோன்றும். நன்றாக வெளிறி, எடை இருந்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத கட்டை என்றால் முயற்சி செய்யலாம். தென்னை, மூங்கில், கல்யாண முருங்கை, ஒதியம் இவை மெத்தென்று ஊறி அழுகிப்போகும். வேம்பு, எருக்கு, அரளி, கள்ளி வகை எதையும் தொட்டியில் போடவே கூடாது. பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளிலிருந்து ஒரு குச்சிகூட எடுக்காதீர்கள். அது வனத்துறையின் காடு, எடுப்பது குற்றம். அதோடு அங்கே வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே மறைக்கும். மீனை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக் கொல்லையில் பட்டுப்போன கொய்யா மரத்தின் கிளையோ வேரோ கிடைத்தால், உரித்துக் காயவைத்த பிறகு அதைவிட நல்ல கட்டை காசு கொடுத்தாலும் கிடைக்காது.

## அறிகுறி 2: பழுப்புப் பொடி, தொட்டால் விரலில் ஒட்டுகிறது

புதுத் தொட்டி என்றால் டயாட்டம் பாசி. கட்டை, கண்ணாடி, இலை எல்லாவற்றின் மேலும் ஒரே சீராகப் படியும். துடைத்தால் போய்விடும். தொட்டி போட்டு இரண்டு மாதத்துக்குள் என்றால் துடைத்துக்கொண்டே காத்திருப்பதுதான் வைத்தியம்.

பழைய தொட்டியில் திடீரென்று வந்ததா? ஒரு வெள்ளை பக்கெட்டில் போர் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் வையுங்கள். அடியில் துருநிற வண்டல் படிந்தால் அது பாசியே இல்லை, தண்ணீரில் உள்ள இரும்பு. பக்கெட்டில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் ஓடவிட்டு, தெளிந்த மேல் தண்ணீரை மட்டும் தொட்டிக்கு எடுங்கள்.

தண்ணீரே டிகாக்ஷன் நிறத்துக்கு மாறியிருந்து, கட்டையின் மேல் ஒன்றும் படியவில்லை என்றால் அது மரத்தின் துவர்ப்புச் சத்து. கெடுதல் இல்லை. நிறம் பிடிக்காவிட்டால் மட்டும் வேகவைத்துத் தண்ணீர் மாற்றுங்கள்.

## அறிகுறி 3: பச்சை நூல், பச்சை மயிர், பச்சைப் புள்ளி

டூத் பிரஷ்ஷைப் படர்ந்த இடத்தில் வைத்துச் சுழற்றினால் நூல் பிரஷ்ஷில் சுருண்டு வரும். வந்ததை வெளியே எடுத்துவிடுங்கள். தொட்டிக்குள் அறுந்து விழுந்த ஒவ்வொரு துண்டும் தனியாக வளரும்.

முதலில் வெளிச்சம். காலை வெயிலோ மாலை வெயிலோ தொட்டியில் நேராக விழுகிறதா? முற்றம் வைத்த பழைய வீடுகளிலும் திண்ணையை ஒட்டிய கூடங்களிலும் இதுதான் காரணமாக இருக்கும். தொட்டியை நகர்த்த முடியாது என்றால், வெயில் படும் பக்கக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். லைட்டை நாளைக்கு 6 மணி நேரத்துக்குக் குறையுங்கள். ஒரு டைமர் வைத்தால் மறதியால் ராத்திரி முழுக்க எரிவதும் நிற்கும். விலை எவ்வளவானாலும் தொட்டிக்கு வாங்கும் சாமான்களில் இவ்வளவு பலன் தருவது வேறில்லை.

அடுத்து தீனி. போட்ட தீனி இரண்டு நிமிடத்தில் தீர வேண்டும். மிச்சம் விழுந்தால் அதுதான் பாசிக்கு உரம்.

பிறகு தண்ணீர். நைட்ரேட்டை இரண்டு இடத்தில் பாருங்கள்: ஒன்று தொட்டியில், இன்னொன்று குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரில். தொட்டியில் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல், குழாயில் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் வாரம் 30 சதவீதம் மாற்றினால் சரியாகும். குழாய்த் தண்ணீரிலேயே 20, 30 காட்டினால் எத்தனை தடவை மாற்றினாலும் குறையாது. வயலை ஒட்டிய ஆழமில்லாத போர்களில் இது நடக்கும். மேட்டூர் திறந்து குறுவை நடவு முடிந்து யூரியா, டி.ஏ.பி. போடும் சமயத்திலும், சம்பாவுக்கு மேலுரம் போடும் சமயத்திலும் மறுபடி ஒரு தடவை அளந்து பாருங்கள். வாய்க்கால் தண்ணீரையோ வாய்க்காலில் கிடந்த செடியையோ அந்த மாதங்களில் தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். உரத்தோடு பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் சேர்ந்து வரும். பூச்சிமருந்து இறாலைத்தான் முதலில் கொல்லும்.

குழாய்த் தண்ணீரே கெட்டிருந்தால் ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலப்பதுதான் வழி. முழுக்க ஆர்.ஓ. ஊற்ற வேண்டாம், மீனுக்கும் கொஞ்சம் தாது வேண்டும்.

இடையில் ஒரு மலிவான உதவி உண்டு. நெல் விவசாயிகள் வளர்க்கும், நீரில் மிதக்கும் சின்னச் செடியான அசோலாவில் ஒரு கைப்பிடி. சாணிக் குழியிலிருந்து வந்ததாக இருந்தால் நாலைந்து தடவை அலசி, ஒரு நாள் தனி பக்கெட்டில் போட்டுவைத்து, பிறகு விடுங்கள். நீர்ப்பரப்பில் பாதியை மூடினால் கீழே வெளிச்சம் குறையும். அதற்கு மேல் பரவுவதை வாராவாரம் அள்ளி எடுத்துவிட வேண்டும். காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும் செடி என்பதால் நைட்ரேட்டைப் பெரிதாகக் குறைக்காது; நிழலுக்காக மட்டும் வையுங்கள்.

கட்டையில் வட்டவட்டமாக, கெட்டியாக ஒட்டிய பச்சைப் புள்ளிகள் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். கட்டையில் அது பார்க்கவும் அழகுதான்.

## அறிகுறி 4: கறுப்புக் குஞ்சம், இழுத்தாலும் வரவில்லை

தொட்டி வைத்திருப்பவர்களை அதிகமாக அலைக்கழிப்பது இதுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை நீளம். கறுப்பு, கரும்பச்சை, சில சமயம் சாம்பல் நிறம். தண்ணீர் வேகமாக ஓடும் விளிம்புகளில், கட்டையின் முனைகளில் குஞ்சம் குஞ்சமாக நிற்கும். பிரஷ் போட்டால் நுனி மட்டும் அறுந்து அடி அப்படியே இருக்கும். கறுப்புத் தாடிப் பாசி என்பார்கள்.

உறுதிசெய்ய: ஒரு குஞ்சத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்து, மூடியில் ஊற்றிய சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போட்டு வையுங்கள். செந்நிறமாக மாறினால் இதுவேதான். பார்வைக்குக் கறுப்பாக இருந்தாலும் இது சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது. பச்சையை ஸ்பிரிட் கரைத்ததும் உள்ளிருக்கும் சிவப்பு வெளியே தெரியும். நிறம் வெளிறிப் போனால் அது பச்சைப் பாசியின் ஒரு வகை. அறிகுறி 3-க்குப் போங்கள்.

காரணங்கள், மலிவானதிலிருந்து: ஃபில்டர் பஞ்சு அடைத்துப்போயிருக்கிறதா? தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து கழுவுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள நல்ல பாக்டீரியா செத்துவிடும். மணலுக்குள் எச்சமும் அழுகிய இலையும் தேங்கியிருக்கிறதா? சைஃபன் போடுங்கள். கட்டையின் பொந்துகளில் தீனி புகுந்து கிடக்கிறதா? சிரிஞ்சால் பீய்ச்சி வெளியே தள்ளுங்கள். சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டிலால் செடிக்கு கார்பன் டை ஆக்சைடு விடுகிறீர்களா? முதல் மூன்று நாள் கொப்பளித்து, பிறகு சோர்ந்து, வெயில் நாளில் மறுபடி பொங்கும் அந்த ஏற்ற இறக்கம்தான் இந்தப் பாசிக்குப் பிடித்த சூழல். சீராக விட முடியாவிட்டால் விடாமலே இருப்பது நல்லது. கடைசியாக ஃபில்டரின் வேகம். 45 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 200 முதல் 300 லிட்டர் சுற்ற வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் அளவை அப்படியே நம்ப வேண்டாம். பழைய மோட்டார் அதில் பாதிதான் தள்ளும். வெளியேறும் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். நிரம்ப 18 விநாடிக்கு மேல் ஆனால் மணிக்கு 200 லிட்டர்கூட வரவில்லை.

கொல்லும் முறை, கட்டையை வெளியே எடுத்து: மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கேளுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதம். லேபிளில் ‘20 வால்யூம்’ என்று இருக்கும். நமக்கு வேண்டியது 3 சதவீதம். ஆகவே அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து பாதியாக்குங்கள். கலக்காமல் ஊற்றுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் விபத்து. கையுறை போடுங்கள், கண்ணில் தெறிக்கவிடாதீர்கள். திறந்து பல மாதமான பாட்டில் வீரியம் இழந்திருக்கும்: பச்சை உருளைக்கிழங்குத் துண்டின் மேல் இரண்டு சொட்டு விட்டால் நுரைக்க வேண்டும், நுரைக்காவிட்டால் புதிது வாங்குங்கள்.

கட்டையை நீர் வடியவிட்டு, குஞ்சங்கள் நனையும்படி தெளித்து 5 நிமிடம் வையுங்கள். குமிழ் குமிழாக நுரைப்பது தெரியும். பிறகு நன்றாக அலசித் தொட்டியில் போடுங்கள். உடனே ஒன்றும் மாறியிருக்காது. மூன்று நாலு நாளில் குஞ்சம் இளஞ்சிவப்பாகி, பிறகு வெளுத்து, தானாக உதிரும். அந்த நிறம் வந்தால் செத்துவிட்டது. கட்டையில் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் செடிகள் கட்டியிருந்தால் இந்த 5 நிமிடத்தைத் தாங்கும். ஜாவா மாஸ் போன்ற பாசிச்செடி கட்டியிருந்தால் கருகும். அதைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

கட்டையை எடுக்க முடியாதா? காலையில், தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள்; கோடை மதியத்தில் வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்திருக்கும். ஃபில்டரை அணைத்து, 3 சதவீதக் கரைசலை 10 லிட்டருக்கு 2 மி.லி. வீதம், அதாவது 45 லிட்டருக்கு 9 மி.லி. சிரிஞ்சில் எடுத்து, குஞ்சத்தின் மேலேயே மெதுவாக விடுங்கள். 15 நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மொத்தம் மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். சக்கர், அயிரை, கெளுத்தி போன்ற செதில் இல்லாத அல்லது நுண்செதில் மீன்களும் இறாலும் இருந்தால் பாதி அளவு மட்டும். மீன் மேலே வந்து மூச்சுத் திணறினால் உடனே பாதித் தண்ணீரை மாற்றி ஏர் ஸ்டோனை முழு வேகத்தில் விடுங்கள்.

‘திரவ கார்பன்’ என்று விற்கும் குளுட்டரால்டிஹைடு கலந்த மருந்துகளும் இதைக் கொல்லும், லேபிளில் உள்ள அளவுக்கு ஒரு சொட்டும் கூடாமல். வாலிஸ்நேரியா செடி இருந்தால் கரைந்துபோகும். மருத்துவமனைக் கருவிகளைக் கழுவும் குளுட்டரால்டிஹைடு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி ஊற்றுவதைக் கண்டிப்பாகத் தவிருங்கள். அதன் வீரியமே வேறு. வாசம் நெஞ்சுக்கும் கண்ணுக்கும் கெடுதல்.

மீனை விட்டுத் தின்ன வைக்கலாமா? சயாமீஸ் ஆல்கே ஈட்டர் தின்னும். கடையில் அந்தப் பெயரில் வேறு மீனைக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் வாங்கும்போது உற்றுப் பாருங்கள்: உடலின் கறுப்புக் கோடு வாலில் நின்றுவிடாமல் வால் துடுப்பின் நுனி வரை ஓட வேண்டும், கோட்டின் விளிம்பு அறுத்த மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்க வேண்டும், கோட்டுக்கு மேலே தங்கநிறக் கோடு தனியாக இருக்கக் கூடாது. கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொண்டால் அது வேறு. சக்கர் மீன் இந்தப் பாசியைத் தொடாது. ஒரு அடிக்கு மேல் வளர்ந்து தொட்டியை எச்சத்தால் நிரப்பும். வளர்ந்துவிட்டதே என்று அதை ஆற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். இந்திய நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

## அறிகுறி 5: நீலப்பச்சைத் தோல், உரித்தால் ஏடாக வருகிறது, நாறுகிறது

பாசி மாதிரித் தெரிந்தாலும் இது பாக்டீரியா. ஒரு ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் தோலாக உரிந்து வரும். மூக்கருகே கொண்டுபோனால் சேற்று நாற்றம் தெரியும். வேறு எதுவும் இப்படி உரியாது.

வடகிழக்குப் பருவமழையில், குறிப்பாகப் புயலுக்குப் பிறகு, இது அதிகம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தது போன்ற நிலையில் ஃபில்டர் நின்று, அதற்குள் இருக்கும் பாக்டீரியா செத்து, தண்ணீர் தேங்கும். ஃபில்டர் ஆறேழு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் அப்படியே ஆன் செய்யாதீர்கள். உள்ளே அழுகிய தண்ணீர் அத்தனையும் தொட்டிக்குள் வரும். கழற்றி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசி, பிறகு போடுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று ஐப்பசிக்கு முன்பே வீட்டில் இருக்கட்டும்.

நைட்ரேட் பாருங்கள். பூஜ்யம் காட்டுகிறதா? அப்படியானால் மற்ற பாசிக்குச் செய்வது போலத் தண்ணீரை மாற்றிக்கொண்டே போவது இதை வளர்க்கும். நைட்ரேட் இல்லாத இடத்தில் செடிகள் சோர்ந்துபோக, இது மட்டும் வளரும். செடி உள்ள தொட்டி என்றால் செடி உரத்தைக் குறைந்த அளவில் தொடங்குங்கள்.

செய்ய வேண்டியது: தோலை விரலால் சுருட்டி, கூடவே சைஃபனால் உறிஞ்சி முடிந்தவரை எடுங்கள். ஃபில்டர் தண்ணீர் கட்டை மேல் படும்படி திருப்புங்கள். பிறகு 3 நாள் முழு இருட்டு: லைட் இல்லை, தொட்டியைக் கெட்டிப் போர்வையால் நாலு பக்கமும் மேலும் மூடி, ஏர் ஸ்டோனை ஓடவிட்டு, தீனி போடாமல் விடுங்கள். நடுவில் திறந்து பார்க்க வேண்டாம். நாலாம் நாள் செத்ததையெல்லாம் உறிஞ்சி எடுத்துப் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மூன்று நாள் பட்டினி பெரிய மீனை ஒன்றும் செய்யாது. குஞ்சுகள் இருந்தால் முன்பே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டு தடவை இருட்டடித்தும் திரும்பி வந்ததா? இங்கே நிறுத்துங்கள். ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துப் போடும் யோசனை பலர் சொல்வார்கள். அது ஃபில்டரின் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அடிக்கும், தப்பிய கிருமிக்கு மருந்தை எதிர்க்கும் சக்தியும் வரும். மீன்நோய் படித்தவர் சொல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

## அறிகுறி 6: வெள்ளைக் கறை, தேய்த்தாலும் போகவில்லை

நீர்மட்டத்தை ஒட்டி, தண்ணீருக்கு வெளியே நிற்கும் கட்டைப் பகுதியில் வரும். வெளியே எடுத்து ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. எதுவும் வளரவில்லை, ஆவியான தண்ணீர் விட்டுப்போன உப்பு அது. கரையோர ஊர்களின் போர் தண்ணீரில் இது சீக்கிரம் படியும்.

குறைந்த தண்ணீரை ஈடுகட்டப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. டி.டி.எஸ். மீட்டரில் தொட்டித் தண்ணீர் குழாயைவிட ஒன்றரை மடங்கு காட்டினால் இதுதான். ஆவிக்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீரோ, மழை பிடித்துக் கால் மணி நேரம் கழித்துச் சுத்தமான மாடியில் பிடித்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை ஊற்றினால் இன்னும் மோசமாகும். போர் தண்ணீரின் கடினத்தன்மை, இரும்பு, குளோரைடு, நைட்ரேட் எல்லாம் ஒரே தடவையில் தெரிய வேண்டுமானால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். டெஸ்ட் கிட் வாங்கி வாங்கிச் சலிப்பதற்கு இது மேல்.

## அறிகுறி 7: ஜெல்லி உருண்டை, வெள்ளைப் புள்ளி, அசையும் நூல்

கண்ணாடி போல் தெளிந்த ஜெல்லிக்குள் புள்ளி புள்ளியாக இருந்தால் நத்தை முட்டை. வேண்டாம் என்றால் நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். எள்ளளவு கெட்டி வெள்ளைப் புள்ளிகள் நெரைட் நத்தையின் முட்டை, நன்னீரில் பொரிக்காது.

அரை சென்டிமீட்டர் தண்டு, நுனியில் மெல்லிய கைகள், தொட்டதும் சுருங்கி உருண்டையாகிறதா? ஹைட்ரா. பெரிய மீனுக்கு ஒன்றுமில்லை, குஞ்சுகளையும் இறால் குட்டிகளையும் பிடித்துத் தின்னும். கட்டையை எடுத்துக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள்.

## அறிகுறி 8: கட்டையே மெத்தென்று, கறுத்து, முட்டை நாற்றம்

படர்வது பிரச்சினையே இல்லை, மரம் அழுகுகிறது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் எளிதாக இறங்கினால் அந்தக் கட்டை தொட்டிக்கு உதவாது. வேகவைத்தும் பயனில்லை. மேல்பகுதி கெட்டியாக இருந்து மணலுக்குள் புதைந்த அடி மட்டும் கறுத்திருந்தால், அந்த அடியை ரம்பத்தால் அறுத்துவிட்டு, ஒரு தட்டைக் கல்லின் மேல் உட்காரும்படி வையுங்கள். மணலுக்குள் புதைந்த மரத்தைச் சுற்றிக் காற்று போகாமல் வாயு தேங்குவதுதான் அந்த நாற்றம். எடுக்கும்போது ஒரே இழுப்பாக இழுத்தால் தேங்கிய வாயு மொத்தமாகத் தண்ணீரில் கலந்து மீன்களைக் கொல்லும். முதலில் மீன்களைத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டுக்கு மாற்றுங்கள், ஏர் ஸ்டோனையும் அதில் போடுங்கள். பிறகு கட்டையை எடுத்து, அந்த இடத்து மணலை சைஃபன் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றி, ஒரு மணி நேரம் கழித்து மீனை விடுங்கள்.

## எப்போது வெளியாளைக் கூப்பிடுவது

கட்டையில் படர்வதற்காக மட்டும் யாரையும் கூப்பிடத் தேவையில்லை. இவை நடந்தால் காத்திருக்காதீர்கள்: வெள்ளைப் பஞ்சு கட்டையை விட்டு மீனின் உடலிலோ துடுப்பிலோ தெரிகிறது, ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட மீன் சாகிறது, தண்ணீரை மாற்றிய பின்னும் செவுள் வேகமாக அடிக்கிறது, நீலப்பச்சைத் தோல் மூன்றாம் தடவை வருகிறது. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்திலேயே இருப்பதால், மீன்நோய் படித்தவரைத் தேடி டெல்டாக்காரர்கள் தூரம் போக வேண்டியதில்லை. கண்ணாடி ஓரத்தில் நீர்க்கசிவு தெரிந்தாலோ, தண்ணீரில் கை வைத்தால் ஷாக் அடித்தாலோ முறையே தொட்டி செய்பவரும் எலக்ட்ரீஷியனும் வரும்வரை எதையும் தொடாதீர்கள். ஷாக் அடித்தால் மெயினை அணைத்துவிட்டுத்தான் பக்கத்தில் போக வேண்டும்.

யாரிடம் போனாலும் கையோடு கொண்டுபோக வேண்டியவை: சுத்தமான பாட்டிலில் வாய் வரை நிரப்பிய ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீர், இன்னொரு பாட்டிலில் குழாய்த் தண்ணீர், படர்ந்ததைச் சுரண்டி எடுத்துத் தொட்டித் தண்ணீரிலேயே போட்ட சின்ன டப்பா, கடைசி ஒரு மாதத்தில் தொட்டிக்குள் போட்ட மருந்து, உரம், தீனி எல்லாவற்றின் பெயரும் அளவும் தேதியும். எடுத்த அன்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். மறுநாள் ஆனால் பாட்டிலில் இருப்பது வேறு தண்ணீர்.